கொடைக்கானல் ஏற்றமும் கரண்ட் ஃபேனும்

பழைய டீசல் லோடு வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பட்டறைகளில் ஒரு யோசனை தாராளமாகக் கிடைக்கும். இன்ஜின் முகப்பில் பெல்ட்டோடு சுற்றுகிற ஃபேனைக் கழற்றிவிட்டு, ஏதாவது ஒரு காரின் கரண்ட் ஃபேனை ரேடியேட்டரில் மாட்டிவிடுங்கள். டீசல் மிச்சமாகும், இழுவை கூடும், சத்தம் அடங்கும், நெரிசலில் நின்றாலும் வண்டி கொதிக்காது என்பார்கள். நான்குமே ஓரளவுக்கு உண்மை. ஆனால் அவை உண்மையாக இருப்பது சமவெளியில். பழனி மலையில் தினமும் ஏறி இறங்குகிற வண்டிக்கு அவற்றில் எது மிஞ்சும், அதற்கு என்ன விலை என்று யாரும் கணக்குப் போட்டுச் சொல்வதில்லை.

கரண்ட் ஃபேன் நம் ஊருக்குப் பரவலாக வந்தது 1983 டிசம்பரில் வெளியான மாருதி 800-ஓடு. அதன் இன்ஜின் குறுக்குவாட்டில் உட்காருவதால் ரேடியேட்டர் இன்ஜினின் முகப்புக்கு நேர் எதிரே இல்லை. பெல்ட்டில் சுற்றும் ஃபேனை அங்கே வைக்க வழியில்லை. அதாவது கரண்ட் ஃபேன் முதலில் ஓர் இட நெருக்கடிக்கான தீர்வு. டீசல் சிக்கனம் என்ற வாதம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. நெடுஞ்சாலையில் ஓடும் லாரிக்கு எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கப் போதும். ஓடும் நேரத்தில் பெரும்பகுதிக்கு ஃபேன் வெறும் சுமை. 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்க லாரிகளில், தேவையானபோது மட்டும் ஃபேனை இணைக்கும் கிளட்ச் பரவலானதற்குக் காரணம் இதுதான். கவனியுங்கள், அவர்கள்கூட கனரக லாரியின் ஃபேனைக் கரண்டுக்கு மாற்றவில்லை. பெல்ட்டிலேயே வைத்துக்கொண்டு, இடையில் ஒரு கிளட்ச்சைத்தான் சேர்த்தார்கள்.

இனி மலைக்கு வருவோம். வத்தலக்குண்டுக்கும் தேவதானப்பட்டிக்கும் நடுவே காட்ரோடு பிரிவில் திரும்பும் வண்டி, டம் டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி அருவி என்று ஏறிக் கொடைக்கானல் போய்ச் சேரும்போது ஏறத்தாழ 1,800 மீட்டர் உயர்ந்திருக்கும். பழனியிலிருந்து வரும் 64 கிலோமீட்டர் பாதையும் பெருமாள்மலையில்தான் வந்து சேர்கிறது. அதிலும் உயரக் கணக்கு அதேதான். சரக்கோடு 5 டன் எடையுள்ள 407 மாதிரியான வண்டி ஒன்றை 1,800 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் தேவையான ஆற்றல், மின்வாரியக் கணக்கில் சொன்னால், இருபத்து நான்கரை யூனிட். சக்கரம் உருள்வதற்கான செலவையும் சேர்த்தால் முப்பதைத் தொடும். ஏற்றத்துக்கு இரண்டேகால் மணி நேரம் என்று வையுங்கள். சராசரியாக 13 கிலோவாட், அத்தனையும் சக்கரத்தில். டீசல் இன்ஜின் சக்கரத்துக்கு எவ்வளவு கொடுக்கிறதோ ஏறக்குறைய அவ்வளவு வெப்பத்தைத் தண்ணீருக்கும் கொடுக்கும். ஆக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரேடியேட்டர் 13 முதல் 15 கிலோவாட் வெப்பத்தை இடைவிடாமல் வெளியேற்றியாக வேண்டும். இது சராசரிதான். செங்குத்தான இடத்தில், கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் மிதிக்கும்போது இது இரட்டிப்பாகும்.

இதற்கு எவ்வளவு காற்று வேண்டும்? ரேடியேட்டருக்குள் நுழையும் காற்று வெளியே வரும்போது 25 டிகிரி சூடேறியிருக்கிறது என்று கொண்டால், 15 கிலோவாட்டுக்கு நொடிக்கு அரை கன மீட்டருக்கு மேல். இரட்டிப்பு வேளையில் ஒரு கன மீட்டருக்கும் மேல். சமவெளியில் 70 கிலோமீட்டர் வேகத்தில் இந்தக் காற்று இனாமாகக் கிடைக்கும். காட்ரோட்டுக்கு மேலே வேகம் பதினைந்து, இருபது, இனாம் கிடையாது. முழுக் காற்றையும் ஃபேன்தான் இழுத்துத் தர வேண்டும். 37 குதிரைத் திறன் காருக்காகச் செய்த ஃபேனிடம், கனத்த பித்தளை ரேடியேட்டரின் மூன்று நான்கு வரிசைக் குழாய்களின் ஊடே இந்த அளவு காற்றை இழுக்கச் சொல்வது நியாயமில்லை. டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் காற்றளவு, எதிரே தடையே இல்லாமல் திறந்த வெளியில் அளந்ததாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெல்ட் ஃபேனின் குணம் இதற்கு நேர்மாறு. அது தள்ளும் காற்று இன்ஜின் சுற்றுக்கு ஏற்ற விகிதத்தில் கூடும். அது தின்னும் சக்தியோ சுற்றின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 1,000 சுற்றில் இருப்பதைவிட 3,000 சுற்றில் காற்று மூன்று மடங்கு, சக்திச் செலவு இருபத்தேழு மடங்கு. சமவெளியில் இந்த இருபத்தேழு மடங்கு வீண். ஏற்றத்தில் அப்படியல்ல. தாழ்ந்த கியரில் இன்ஜின் உச்சச் சுற்றில் இருக்கும், வண்டியோ ஊர்ந்துகொண்டிருக்கும். வெப்பம் அதிகம் பிறக்கும் அந்த நேரத்தில்தான் ஃபேனும் அதிகம் சுற்றுகிறது. அடித்து நொறுக்கும் சத்தமும் அப்போதுதான் வரும். அதைக் கேட்டு வீணாகிறது என்று நினைப்பவர்கள் பலர். அந்தச் சத்தம் வேலை நடக்கிற சத்தம்.

உயரத்தைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். இரண்டிலும் பாதி சரி. மேலே குளிர், அதனால் வண்டி கொதிக்காது என்பது ஒன்று. மேலே காற்று மெலிது, அதனால் சீக்கிரம் கொதிக்கும் என்பது மற்றொன்று. 2,100 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே ஃபேன், அதே சுற்றில், அந்த அளவுக்குக் குறைவான காற்றைத்தான் தள்ளும். ஆனால் மே மாதத்தில் அடிவாரம் 38 டிகிரியில் இருந்தால் மேலே பெரும்பாலும் இருபதைச் சுற்றித்தான் இருக்கும். 90 டிகிரித் தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் 52-லிருந்து 70 ஆகக் கூடுகிறது. மெலிந்த காற்றின் நஷ்டத்தைக் குளிர் ஈடுகட்டி, கொஞ்சம் மிச்சமும் வைக்கிறது. ஆகவே நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு உண்மையான சோதனை பாதையின் கீழ்ப் பாதியில்தான்.

நல்ல நிலையில் இல்லாத வண்டிக்குக் கதை வேறு. கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் கொதிநிலை 115 டிகிரிவரை போகும். மூடியின் ரப்பர் காய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு மொத்தமும் போச்சு. கரண்ட் ஃபேனுக்கு வழக்கமாகப் போடும் வெப்ப சுவிட்ச்சுகளில் 92 டிகிரியில் சேர்ந்து 87-ல் விடுபவை உண்டு. மூடி பிடிக்காத வண்டியில் அந்த சுவிட்ச் ஃபேனை ஓட்டத் தொடங்கும்போது, மேலே தண்ணீர் கொதிக்க ஒரே ஒரு டிகிரிதான் பாக்கி. ஃபேனுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதற்கு முன்னால் வாங்க வேண்டியது ஒரு புது மூடி. என்னைக் கேட்டால், மலையில் கொதிக்கும் பழைய வண்டிகளில் பாதியைக் கரண்ட் ஃபேன் பேச்சுக்கே வரவிடாமல் இந்த மூடியை மாற்றுவதும், கிழிந்த ஃபேன் கவரையும் உப்பு அடைத்த ரேடியேட்டரையும் செப்பனிடுவதுமே சரிசெய்துவிடும்.

ஃபேன் கவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபேனைச் சுற்றி ரேடியேட்டர் வரை வரும் அந்தத் தகர அல்லது பிளாஸ்டிக் கூடு இருந்தால்தான் ஃபேன் ரேடியேட்டரின் முழுப் பரப்பிலிருந்தும் காற்றை இழுக்கும். இல்லாவிட்டால் இன்ஜின் அறையின் சூடான காற்றையே திரும்பத் திரும்பக் கடையும். பெல்ட் மாற்றும்போது இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றிப் பட்டறை மூலையில் போட்டுவிட்டு, பிறகு ‘வண்டி ஹீட் ஆகுது’ என்று வருபவர்கள் உண்டு. தெர்மோஸ்டாட்டுக்கும் இதே கதிதான். கொதிக்கிறது என்றவுடன் அதைக் கழற்றி எறிவது நம்மூர் வழக்கம். ஜனவரி அதிகாலையில் மன்னவனூரிலோ பூம்பாறையிலோ ஸ்டார்ட் செய்யும் வண்டிக்கு அது இல்லாமல் இன்ஜின் சூடேறவே வெகுநேரம் பிடிக்கும். சூடேறாத இன்ஜின் டீசலையும் கூடத் தின்னும், சிலிண்டரையும் தேய்க்கும். கரண்ட் ஃபேனால் குளிர்காலத்தில் இன்ஜின் சீக்கிரம் சூடாகும் என்ற வாதம் இந்தக் கழற்றப்பட்ட தெர்மோஸ்டாட்டின் முதுகில்தான் ஏறி நிற்கிறது. தெர்மோஸ்டாட் இருந்து அது மூடியிருந்தால் ரேடியேட்டருக்குத் தண்ணீரே போகாது. ஃபேன் சுற்றினால் என்ன, சுற்றாவிட்டால் என்ன?

இறக்கத்துக்கு ஃபேன் தேவையில்லை என்பது சரி. காரட், உருளை, பீன்ஸ், மலைப்பூண்டு என்று ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரத்துக்கோ திண்டுக்கல்லுக்கோ இறங்கும் வண்டியில் சூடாவது பிரேக்தான். ஆனால் பெல்ட் ஃபேன் இங்கேயும் சும்மா இல்லை. இரண்டாம் கியரில் இன்ஜினைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது அது தின்னும் சக்தி இன்ஜின் பிரேக்கோடு சேர்ந்துகொள்கிறது. மேலைநாட்டுக் கனரக லாரிகள் சிலவற்றில் இறக்கத்தில் வேண்டுமென்றே ஃபேனை இணைத்து இந்த இழுப்பைப் பயன்படுத்துகிறார்கள். கழற்றினால் போவது பெரிய அளவில்லை. இருந்தாலும் போவது போவதுதான்.

இன்னொரு வாதம்: பெல்ட் அறுந்தாலும் கரண்ட் ஃபேன் ஓடும், வண்டி தப்பும். தப்பாது. அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் ஆல்டர்நேட்டரையும் சுற்றுகிறது. தண்ணீர் ஓடாத ரேடியேட்டருக்குக் காற்று வீசிப் பயனில்லை.

இப்போது ஆம்பியர் கணக்கு. இந்த மாற்றத்தில் பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். பழைய லோடு வண்டிகளிலும் ஜீப்புகளிலும் 35 ஆம்பியர் அளவிலான ஆல்டர்நேட்டர் சாதாரணம். அதுவும் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது. ஐட்லிங்கில் அதில் பாதி வந்தால் அதிகம். டைனமோ காலத்து ஜீப் என்றால் ஐட்லிங்கில் சார்ஜே ஏறாது. செலவைப் பாருங்கள்: ஹெட்லைட் இரண்டும் 10 ஆம்பியர், பனிவிளக்கு போட்டிருந்தால் இன்னும் 9, வைப்பர் 4 அல்லது 5, பின்விளக்கு, டாஷ்போர்டு எல்லாம் சேர்த்து 3. அந்தி நேரத்தில், ஐப்பசி மழையில், மூஞ்சிக்கல்லை நோக்கி ஏறும் வண்டிக்கு இவை அத்தனையும் ஒரே நேரத்தில் எரியும், 27 ஆம்பியர். ஸ்டார்ட்டர் உறிஞ்சியதைப் பேட்டரிக்குத் திருப்பித் தரவே மிச்சம் சரியாக இருக்கும். இதன் மேல் 15 முதல் 20 ஆம்பியர் இழுக்கும் ஃபேன் ஒன்றைக் கட்டினால் துண்டு விழுவதைப் பேட்டரி கொடுக்கும். பேட்டரி இறங்க இறங்க வோல்ட் குறையும், வோல்ட் குறைந்தால் ஃபேன் மெதுவாகும், மெதுவானால் தண்ணீர் சூடேறும். எந்த நேரத்தில் ஃபேன் அதிகம் தேவையோ அந்த நேரத்தில் அது தளர்கிறது.

பழைய டீசல் வண்டியின் பெரிய பலம் ஒன்றையும் இங்கே இழக்கிறோம். மெக்கானிக்கல் பம்பும் ஸ்டாப் கேபிளும் உள்ள இன்ஜின் ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் ஓடுவதற்குக் கரண்டே வேண்டாம். ஆல்டர்நேட்டர் போனாலும், பகல் வெளிச்சம் இருந்தால், பண்ணைக்காட்டிலிருந்தோ தாண்டிக்குடியிலிருந்தோ ஓட்டிக்கொண்டு ஊர் வந்து சேரலாம். ஃபேனைக் கரண்டுக்கு மாற்றிய மறுநாளிலிருந்து அந்த இன்ஜின் ஒரு ரிலேயையும் ஒரு ஃபியூஸையும் நம்பி ஓடுகிறது.

அந்த ரிலேயும் ஃபியூஸும் ஒழுங்காக இருந்தால் நம்பலாம் என்பதும் உண்மை. ஒழுங்கான ஒயரிங் எது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு அதிகம் இடமில்லை. பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஃபேனுக்கென்று தனி ஒயர், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30-ஆம் கால், 87-லிருந்து ஃபேனுக்கு, ஃபேனின் மைனஸ் பேட்டரி மைனஸுக்கோ, பெயின்ட் சுரண்டிய சேசிஸ் போல்ட்டுக்கோ. ரிலேயின் 86-ஆம் காலுக்கு இக்னிஷன் சாவியிலிருந்து மெல்லிய ஒயர், அதற்கும் ஒரு சிறு ஃபியூஸ். 85-லிருந்து வெப்ப சுவிட்ச் வழியாக எர்த். வெப்ப சுவிட்ச் ஒருநாள் கைவிடும். அதற்கு இணையாக டாஷ்போர்டில் ஒரு கை சுவிட்ச் வைத்து எர்த் செய்தால் டிரைவர் தானே ஃபேனைப் போட்டுக்கொள்ளலாம். ஃபேனுக்குப் போகும் கரண்டிலிருந்தே ஒரு சின்ன விளக்கு டாஷ்போர்டில் எரியட்டும். அது எரியாவிட்டால் ஃபேனுக்குக் கரண்ட் போகவில்லை என்று தெரியும். ஹேண்ட் சுவிட்ச்சிலேயே 20 ஆம்பியரையும் நேராக ஓட்டுவதைப் பல வண்டிகளில் பார்க்கலாம். அந்த சுவிட்ச் ஒருநாள் உருகும்.

30-ஆம் காலுக்குக் கரண்டை இக்னிஷன் ஒயரிலிருந்து தட்டி எடுப்பது கெட்ட குறுக்குவழி. சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் மோட்டார், கரண்டை நிறுத்தியதும் தானே கரண்ட் உற்பத்தி செய்யும். அது அதே ஒயர் வழியாகத் திரும்பி வந்து ரிலேயைப் பிடித்து வைக்கும்; ஸ்டாப் சோலினாய்டு உள்ள டீசலாக இருந்தால் சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் சில நொடி ஓடும். பேட்டரியிலிருந்து தனி வழி போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஒயரின் கனம் வெறும் பழக்கத்தில் முடிவு செய்யும் விஷயமல்ல. பேட்டரியிலிருந்து ஃபேனுக்கு 3 மீட்டர், திரும்ப 3 மீட்டர், ஓடுவது 20 ஆம்பியர். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 0.84 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும், 4-ல் 0.52, 6-ல் 0.35. ஃபேன் கிளம்பும் நொடியில் இழுப்பது இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஆகவே 6 போடுங்கள். செம்பு விலை சில நூறு ரூபாய் கூடும், அவ்வளவுதான். ரிலே 40 ஆம்பியர், ஃபியூஸ் 30. ஃபியூஸ் போகிறது என்று செப்பு நூலைச் சுற்றி வைப்பவருக்கு ஒரு வார்த்தை: ஃபியூஸ் காப்பாற்றுவது ஃபேனை அல்ல, ஒயரை, ஒயர் பற்றினால் வண்டி பற்றும்.

24 வோல்ட் லாரிகளில் இன்னொரு தவறு நடக்கிறது. கையில் கிடைத்தது 12 வோல்ட் கார் ஃபேன். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் கரண்ட் எடுத்துவிடுகிறார்கள். ஒரு பேட்டரி வற்றிக்கொண்டே போகும், மற்றது மிகைச் சார்ஜில் கொதிக்கும். சில மாதங்களில் இரண்டும் கடைக்குப் போகும்.

ஃபேனைப் பொருத்துவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று இழுப்பது நல்லது. முன்னால் நின்று தள்ளுவது இரண்டாம்பட்சம். இழுக்கும் ஃபேனை ஒயர் மாற்றி எதிர்த் திசையில் சுற்றவிட்டுத் தள்ள வைக்கலாம்தான், ஆனால் இறக்கைகளின் வளைவு தப்பாக இருக்கும், காற்று குறையும். ரேடியேட்டர் வலைக்குள் பிளாஸ்டிக் டேக் கோத்துக் கட்டாதீர்கள்; மலைச்சாலைக் குலுக்கலில் அது குழாயைத் தேய்த்து ஓட்டை போடும். பட்டைக் கம்பியில் சட்டம் அடித்து ரேடியேட்டர் ஃபிரேமில் போல்ட் போடுவதே முறை.

அப்படியானால் யாருக்குத்தான் கரண்ட் ஃபேன்? கொடைக்கானல் ஊருக்குள்ளேயே ஓடும், அதிகச் சுமை ஏற்றாத ஜீப்புக்குப் பொருந்தும். சீசனில் வெள்ளி அருவிக்கும் மூஞ்சிக்கல்லுக்கும் நடுவே வண்டிகள் மணிக்கணக்கில் நிற்பதை யாரும் மறக்க முடியாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு சீசனுக்குச் சுற்றுலா வண்டிகளுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 என்று உச்சவரம்பும் வந்தது. நெரிசல் ஒழிந்துவிடவில்லை. ஐட்லிங்கில் நிற்கும் இன்ஜினின் பெல்ட் ஃபேன் சோம்பலாகச் சுற்றும். கரண்ட் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும். இந்த ஒரு நிலைமையில் அதன் வெற்றி மறுக்க முடியாதது. இன்ஜின் அப்போது பிறப்பிக்கும் வெப்பமும் குறைவு. சின்ன ஃபேனே போதும்.

சிமெண்டும் உரமும் எரிவாயு சிலிண்டரும் ஏற்றிக்கொண்டு அடிவாரத்திலிருந்து ஏறும் 407-க்கோ, ஸ்வராஜ் மஸ்டாவுக்கோ, பெரிய லாரிக்கோ பெல்ட் ஃபேனைக் கழற்றுவது தவறு என்பதே என் முடிவு. டீசல் சிக்கனம் வேண்டுமென்றால், வண்டிக்கு ஏற்ற விஸ்கஸ் ஃபேன் கிடைக்கிறதா என்று தேடலாம். சூட்டுக்கு ஏற்ப உள்ளிருக்கும் சிலிக்கோன் எண்ணெய் இறுகப் பிடித்து ஃபேனைச் சுற்ற வைக்கும், குளிர்ந்ததும் தளர்த்திவிடும். ஒயரும் இல்லை, ரிலேயும் இல்லை. நெரிசல்தான் பிரச்சினை என்றால், பெல்ட் ஃபேனை அப்படியே விட்டுவிட்டு முன்பக்கம் ஒரு சிறு கரண்ட் ஃபேனைக் கூடுதல் துணையாக வைக்கலாம். அது ஒருநாள் நின்றுபோனாலும் வண்டி ஊர் வந்து சேரும்.

இதையெல்லாம் படித்த பிறகும் மாற்றித்தான் ஆவேன் என்பவர், ஃபேன் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியை நிறுத்துங்கள். ஹெட்லைட், பனிவிளக்கு, வைப்பர் எல்லாவற்றையும் போட்டு, இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, பேட்டரி ஒயரில் கிளாம்ப் மீட்டர் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் பேட்டரிக்குள் போகாமல் பேட்டரியிலிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தால், நீங்கள் முதலில் வாங்க வேண்டியது ஃபேன் அல்ல, பெரிய ஆல்டர்நேட்டர்.